பகுதிநேரப் படைக்குப் போர் ஹெலிகாப்டர் எதற்கு? கயோவா வாரியரும் அமெரிக்க நேஷனல் கார்டும்

அமெரிக்க ராணுவத்தின் ஹெலிகாப்டர்கள் பற்றி வரும் செய்திகளைத் தனித்தனியாகப் படித்தால் தலைகால் புரியாது. 2024 பிப்ரவரியில் புதிய வேவு ஹெலிகாப்டர் திட்டத்தை ரத்து செய்தார்கள். 2025ல் ஆர்மி ரிசர்வின் ஹெலிகாப்டர் பிரிவுகளையே கலைக்கப்போவதாகச் சொன்னார்கள். பல ஆயிரம் கோடி டாலர் செலவு செய்யும் ராணுவம், தேர்ந்த விமானிகள் இருக்கும் பிரிவுகளை ஏன் மூட வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட 2014க்குப் போக வேண்டும். அந்த ஆண்டில்தான் கயோவா வாரியர் என்ற சிறிய ஹெலிகாப்டரை ஓய்வுபெற வைக்கும் முடிவை ராணுவம் அறிவித்தது. அந்த இடத்தை நிரப்ப, பகுதிநேரப் படையிடம் இருந்த போர் ஹெலிகாப்டர்களை எடுத்துக்கொள்ளவும் பார்த்தது. வெளிப்பார்வைக்கு இது இயந்திரக் கணக்கு. உள்ளே நடந்த சண்டை வேறு: பகுதிநேர வீரர்கள் போர்ப்படையின் ஓர் அங்கமா, இல்லை ஆளும் சரக்கும் ஏற்றிச்செல்லும் உதவிப்படையா?

முதலில், இந்த “ரிசர்வ்” யார்?

தமிழ்ச் செய்திகளில் நேஷனல் கார்டை “தேசியப் பாதுகாப்புப் படை” என்று எழுதுகிறார்கள். படிப்பவர்களுக்கு நம் ஊர் கருப்புப் பூனைப் படைதான் நினைவுக்கு வரும். சிலர் ஊர்க்காவல் படை போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. அமெரிக்கத் தரைப்படைக்கு மூன்று பகுதிகள் உண்டு.

1. முழுநேரப் படை. இதுதான் அவர்களுக்கு வேலை, சம்பளம், வாழ்க்கை எல்லாம்.

2. ஆர்மி ரிசர்வ். பகுதிநேர வீரர்கள். மத்திய அரசின் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவர்கள்.

3. ஆர்மி நேஷனல் கார்டு. இவர்களும் பகுதிநேர வீரர்களே. ஆனால் எஜமானர்கள் இரண்டு பேர். சாதாரண நாளில் மாநில ஆளுநரின் கீழ் இருப்பார்கள். போர் என்றால் குடியரசுத் தலைவர் அழைத்துக்கொள்வார். இங்கே ஆளுநர் என்பவர் நம் ராஜ்பவன் ஆளுநர் மாதிரி நியமிக்கப்படுபவர் இல்லை. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், நம் முதல்வர் போல. வெள்ளமோ புயலோ காட்டுத்தீயோ வந்தால் முதலில் அவர் கூப்பிடுவது இவர்களைத்தான்.

பகுதிநேரம் என்றால் எவ்வளவு? மாதத்துக்கு ஒரு சனி, ஞாயிறு. வருஷத்துக்கு ஒருமுறை தொடர்ச்சியாக இரண்டு வாரம். கூட்டிப் பார்த்தால் சுமார் 39 நாள். ஹெலிகாப்டர் ஓட்டுபவருக்கு அது போதாது என்பதால், விமானிகளுக்குக் கூடுதல் பறக்கும் வேளைகள் தனியாக ஒதுக்கப்படும். வேலை முடிந்து மாலையில் தளத்துக்கு வந்து, இரவுப் பார்வைக் கருவி மாட்டிக்கொண்டு பறந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்த 39 நாள் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சண்டை முழுக்க அதைச் சுற்றித்தான்.

ஆயுதம் ஏந்திய வேவு ஹெலிகாப்டர் என்றால் என்ன?

வேவு ஹெலிகாப்டரின் வேலை பார்ப்பது. எதிரி எங்கே, எத்தனை பேர், எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய காலத்தில் குதிரைப்படை செய்த வேலை இது. அதனால்தான் இந்தப் பிரிவுகளுக்கு இன்றும் ஏர் கேவல்ரி, அதாவது வான் குதிரைப்படை, என்று பெயர். பட்டாலியன் என்று சொல்லாமல் ஸ்குவாட்ரன் என்பார்கள். விழா நாளில் அகன்ற விளிம்பு வைத்த ஸ்டெட்சன் தொப்பி போட்டுக்கொள்வார்கள்.

வியட்நாம் போரில் இந்த வேலை ஜோடியாக நடந்தது. ஓஎச்-6 என்ற சின்ன ஹெலிகாப்டர் மர உச்சியை உரசுகிற உயரத்தில் போகும். அது வெள்ளை அணி. கோப்ரா என்ற தாக்குதல் ஹெலிகாப்டர் மேலே வட்டமடிக்கும். அது சிவப்பு அணி. இரண்டும் சேர்ந்து போனால் பிங்க் அணி. கீழே போகிறவரை நோக்கி யாராவது சுட்டால், சுட்ட இடம் தெரிந்துவிடும். மேலே இருப்பவர் அங்கே அடிப்பார். கீழே போகிறவரின் உயிரைத் தூண்டிலில் வைக்கிற முறை என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

அதே காலத்தில், 1969ல், ஓஎச்-58 கயோவா படையில் சேர்ந்தது. 1980களில் அதை அடியோடு மாற்றி ஓஎச்-58டி என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். படத்தில் பார்த்தால் உடனே அடையாளம் தெரியும்: சுழலும் இறக்கைகளுக்கும் மேலே ஓர் உருண்டை உட்கார்ந்திருக்கும். அதற்குள் பகல் கேமரா, வெப்பத்தைக் காட்டும் கேமரா, லேசர் மூன்றும் இருந்தன. மலைமுகட்டுக்கோ மரக்கூட்டத்துக்கோ பின்னால் ஹெலிகாப்டர் மறைந்து நிற்கும். உருண்டை மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். இலக்கின் மேல் லேசர் புள்ளி வைத்தால், வேறு யாரோ ஏவிய ஏவுகணை அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு வந்து விழும்.

முதலில் இதில் ஆயுதம் இல்லை. 1987ல் பாரசீக வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்கள் தாக்கப்பட்ட சமயத்தில், ஈரானின் வேகப்படகுகளையும் கண்ணிவெடி வைப்பவர்களையும் இரவில் எதிர்கொள்ள 15 ஓஎச்-58டி ஹெலிகாப்டர்களுக்கு அவசரமாக ஆயுதம் பூட்டினார்கள். கடற்படைக் கப்பல்களில் இருந்து அவை கிளம்பின. ஏற்பாடு நன்றாக வேலை செய்யவே, ஆயுதம் நிரந்தரமாகிவிட்டது. அதுதான் கயோவா வாரியர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தாங்கிகள். ஹெல்ஃபயர் ஏவுகணை, 70 மில்லிமீட்டர் ராக்கெட், அரை அங்குல விட்டமுள்ள இயந்திரத் துப்பாக்கி ஆகியவற்றில் தேவைக்கு ஏற்ற கலவையைப் பூட்டலாம்.

காக்பிட்டுக்குள்

இந்த ஹெலிகாப்டரை ஏன் இத்தனை பேர் நேசித்தார்கள் என்பது கணக்குகளைப் பார்த்தால் விளங்காது. உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டே இருக்கை, பக்கத்துப் பக்கத்தில். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பெரும்பாலும் கதவுகளைக் கழற்றிவிட்டுத்தான் பறந்தார்கள். எடை குறையும், காற்று வரும், கீழே நேராகப் பார்க்கலாம். வலப்பக்கத்தில் இருப்பவர் ஓட்டுவார். இடப்பக்கத்தில் இருப்பவர் உருண்டையின் திரையையும் வரைபடத்தையும் ரேடியோவையும் கவனிப்பார். கைக்கெட்டும் இடத்தில் எம்4 துப்பாக்கி இருக்கும். விமானி விழுந்தால் தற்காப்புக்கு என்று கொடுத்தது அது. ஆனால் கயோவா விமானிகள் பறந்துகொண்டே கதவில்லாத பக்கமாகச் சாய்ந்து அதைக்கொண்டு சுட்டது பலமுறை நடந்தது. கீழே அடையாளம் காட்டப் புகைக் குண்டைக் கையாலேயே வீசுவார்கள்.

இன்னொரு விவரம். ராக்கெட்டுக்கும் துப்பாக்கிக்கும் குறி பார்க்க, முன் கண்ணாடியில் கிரீஸ் பென்சிலால் ஒரு சின்னக் குறி போட்டுக்கொள்வார்கள். ஆளுக்கு ஆள் உயரம் வேறு, உட்காரும் விதம் வேறு. அதனால் ஒருவர் போட்ட குறி அடுத்தவருக்கு உதவாது. கோடிக்கணக்கில் விலை கொண்ட கருவிகள் தலைக்கு மேலே இருக்க, கண்ணாடியில் ஒரு பென்சில் குறியை நம்பிச் சுட்டார்கள். பல வருஷம் பறந்து கைக்கு வந்த பழக்கம் இது.

பலவீனமும் அந்தச் சின்ன உடம்பிலேயே இருந்தது. ஒரே என்ஜின். முழு எடையோடு கிளம்பினாலும் சுமார் 2,500 கிலோதான். ஆப்கானிஸ்தானின் உயரத்திலும் வெயிலிலும் காற்று மெலிதாகிவிடும். எரிபொருளை நிரப்பினால் ஆயுதத்தைக் குறைக்க வேண்டும், ஆயுதத்தை நிரப்பினால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க: ஏஎச்-64 அபாச்சி என்ற தாக்குதல் ஹெலிகாப்டருக்கு இரண்டு என்ஜின், அதிகபட்ச எடை 10,000 கிலோவுக்கு மேல். ஆனால் அபாச்சியால் முடியாத ஒன்று கயோவாவால் முடியும். ஒரு சி-130 சரக்கு விமானத்தில் இரண்டு கயோவாவை ஏற்றிக்கொண்டு போகலாம். இறக்கி, இறக்கைகளை விரித்தால் சில நிமிடத்தில் பறக்கத் தயார்.

டென்னசியின் வான் குதிரைப்படை

இந்த ஹெலிகாப்டரை நேஷனல் கார்டும் ஓட்டியது. டென்னசி மாநில நேஷனல் கார்டின் 1-230 ஏர் கேவல்ரி ஸ்குவாட்ரன், கிழக்கு டென்னசியில் நாக்ஸ்வில் நகரத்தை ஒட்டிய விமானத் தளத்தில் கயோவா வாரியர்களை வைத்திருந்தது. 2009-10 காலத்தில் அவற்றோடு இராக் போய்வந்தது.

பகுதிநேரப் பிரிவு என்றதும் அனுபவம் குறைவாக இருக்கும் என்று தோன்றும். விமானிகள் விஷயத்தில் நிலைமை பல நேரம் நேர்மாறு. முழுநேர விமானிக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். அடுத்த ஊர், அடுத்த பிரிவு, சில நேரம் பறக்காத மேஜை வேலை. நேஷனல் கார்டில் ஒருவர் சேர்ந்தால் அதே தளத்தில் பதினைந்து, இருபது வருஷம் இருப்பார். முழுநேரப் படையில் போருக்குப் போய்வந்துவிட்டு, ஊரோடு இருக்கலாம் என்று கார்டில் சேர்ந்தவர்களும் நிறைய. இயந்திரம் பார்க்கும் ஆட்களுக்கும் அப்படித்தான்: ஒரே ஹெலிகாப்டரோடு பத்து வருஷம் பழகியவருக்கு அதன் சத்தம் மாறினாலே தெரியும். குறைவான நாட்கள் பறந்தாலும் அனுபவம் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டே போகும். நாளைக் கூட்டிக் கணக்குப் போடுகிறவர்கள் இந்தச் சேமிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. என் பார்வையில், பின்னால் நடந்த விவாதத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

மாற்று வராமல் போனது எப்படி?

கயோவா வயதாகிக்கொண்டிருந்தது. மாற்று கொண்டுவர ராணுவம் முயன்றது, திரும்பத் திரும்ப.

1. கமான்ச்சி. 1980களில் தொடங்கிய திட்டம். 1996ல் முதல் பறப்பு, 2004 பிப்ரவரியில் ரத்து. ஏறத்தாழ 700 கோடி டாலர் செலவழித்து, பறக்கும் நிலையில் கிடைத்தது இரண்டே இரண்டு மாதிரி ஹெலிகாப்டர்.

2. ஏஆர்எச்-70 அரபாஹோ. 2005ல் ஒப்பந்தம், செலவு எகிறியதால் 2008 அக்டோபரில் ரத்து.

3. ஆர்ம்டு ஏரியல் ஸ்கவுட். சந்தையில் இருக்கும் ஹெலிகாப்டர்களைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். வாங்கவில்லை.

4. கயோவாவையே புதுப்பித்த ஓஎச்-58எஃப். 2013ல் பறந்தது. அடுத்த ஆண்டே அதையும் கைவிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் பழைய கயோவாக்கள்தான் இராக், ஆப்கானிஸ்தான் இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடின.

2014: அபாச்சி யாருக்கு?

2013ல் அமெரிக்காவில் கட்டாய பட்ஜெட் வெட்டு வந்தது. ராணுவம் ஒரு மறுசீரமைப்புத் திட்டத்தை முன்வைத்தது. அதில் மூன்று பகுதிகள் ஒன்றோடொன்று பின்னியிருந்தன.

முதலாவது, கயோவா வாரியர்கள் எல்லாவற்றுக்கும் ஓய்வு. இரண்டாவது, வேவு பார்க்கும் வேலையை அபாச்சியும் ஷேடோ என்ற ட்ரோனும் சேர்ந்து செய்யும். மூன்றாவது, அதற்கு வேண்டிய அபாச்சிகளுக்காக நேஷனல் கார்டிடம் இருக்கும் 192 அபாச்சிகளையும் முழுநேரப் படைக்கு மாற்றுவது. ஈடாகக் கார்டுக்கு, ஆளும் சரக்கும் ஏற்றிச்செல்லும் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் 111 தருவது. இதனால் சுமார் 1,200 கோடி டாலர் செலவைத் தவிர்க்கலாம் என்றது ராணுவம்.

கவனியுங்கள்: டென்னசி போன்ற இடத்தில் கயோவா போகும், ஐடஹோ, யூட்டா, வட கரோலைனா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் அபாச்சி போகும். முடிவில் நேஷனல் கார்டின் கையில் தாக்குதல் ஹெலிகாப்டர் ஒன்றுகூட இருக்காது.

ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் ரே ஒடியர்னோ தரப்பின் வாதம் எளிதில் ஒதுக்கித்தள்ளக்கூடியது அல்ல. அபாச்சியை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. தரையில் இருக்கும் காலாட்படையோடும் பீரங்கிப் படையோடும் சேர்ந்து மறுபடி மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும்; சொந்த ஆட்களுக்கு மிக அருகில் சுடுகிற வேலை இது. 39 நாளில் அதைச் செய்வது கடினம். பிளாக் ஹாக் என்றால் போரிலும் உதவும், வெள்ளத்திலும் உதவும். ஆளுநருக்கு அபாச்சியால் என்ன பயன்?

கார்டு தரப்பின் பதில் மூன்று விதமாக வந்தது.

1. எங்கள் அபாச்சிப் பிரிவுகள் இராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போய்ச் சண்டையிட்டுவிட்டு வந்திருக்கின்றன. முடியாது என்று இப்போது எப்படிச் சொல்கிறீர்கள்?

2. போர் இல்லாத நாளில் பகுதிநேரப் பிரிவை வைத்திருக்கும் செலவு குறைவு. வெட்டு என்றால் விலை மலிந்ததையா முதலில் வெட்டுவது?

3. முழுநேரப் படையை விட்டு விலகும் அபாச்சி விமானி இப்போது கார்டில் சேர்கிறார். அங்கே அபாச்சியே இல்லையென்றால் அவர் வீட்டுக்குப் போவார். அவருக்குப் பயிற்சி கொடுத்த பணமும் அவர் கற்றதும் அவரோடு போய்விடும்.

மூன்றாவது வாதம்தான் எனக்கு மிகக் கனமானதாகப் படுகிறது. ரிசர்வ் என்ற சொல்லுக்கே கையிருப்பு என்று பொருள். கையிருப்பில் இருக்க வேண்டியது முதலில் ஆள், இரும்பு அப்புறம். பெரிய போர் ஒன்று வந்து முழுநேரப் படையின் விமானிகள் வரிசையாக இறந்தாலோ சோர்ந்தாலோ, அடுத்து யார்? தொழிற்சாலை புது ஹெலிகாப்டர் செய்து தரலாம். பத்து வருஷம் தாழப் பறந்தவரை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடியாது.

மாநில ஆளுநர்கள் கட்சி வேறுபாடு பார்க்காமல் ஒபாமாவுக்குக் கடிதம் எழுதினார்கள். நாடாளுமன்றம் குறுக்கே வந்து, அபாச்சிகள் எல்லாவற்றையும் உடனே மாற்றக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டு, எட்டுப் பேர் கொண்ட ஓர் ஆணையத்தை அமைக்கச் சட்டம் செய்தது. ஓய்வுபெற்ற ஜெனரல் கார்ட்டர் ஹாம் தலைமையிலான அந்த ஆணையம் 2016 ஜனவரி 28ல் அறிக்கை கொடுத்தது. நடுவழி ஒன்றைச் சொன்னார்கள்: அபாச்சிப் பட்டாலியன்கள் மொத்தம் 24, அவற்றில் 20 முழுநேரப் படைக்கு, 4 நேஷனல் கார்டுக்கு. கார்டின் ஒவ்வொரு பட்டாலியனுக்கும் 18 அபாச்சி. 192 என்று இருந்தது 72 ஆனது. சுழியம் ஆகவில்லை.

கயோவாவுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2016 ஏப்ரலில் வட கரோலைனாவின் ஃபோர்ட் பிராக் தளத்தில் இருந்து கயோவாக்கள் கூட்டமாகக் கிளம்பி, ஃபேயட்வில் நகரத்துக்கு மேலே கடைசியாக ஒருமுறை பறந்தன. அடுத்த ஆண்டுக்குள் படையில் இருந்தே போய்விட்டன. கழித்துப்போட்டவற்றில் 16 குரோஷியாவுக்குப் போயின. 70 ஹெலிகாப்டர் 2019ல் கிரீஸ் நாட்டின் வோலோஸ் துறைமுகத்தில் வந்து இறங்கின.

அதன் பிறகு

விளைவுகளை நியாயமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் கணக்கு இருக்கிறது.

டென்னசியின் 1-230 இன்று பிளாக் ஹாக் ஓட்டும் பட்டாலியன். 2024 செப்டம்பர் 27ல் ஹெலீன் புயலின் வெள்ளம் கிழக்கு டென்னசியில் எர்வின் என்ற சிற்றூரின் மருத்துவமனையைச் சூழ்ந்தது. 50 பேருக்கு மேல் மொட்டைமாடியில் சிக்கிக்கொண்டார்கள். டென்னசி நேஷனல் கார்டின் ஹெலிகாப்டர்களும் வர்ஜீனியா போலீஸ் ஹெலிகாப்டரும் வந்துதான் அவர்களை மீட்டன. இரண்டு இருக்கை கொண்ட கயோவாவால் அன்றைக்கு ஒருவரைக்கூடத் தூக்கியிருக்க முடியாது. ஒடியர்னோவின் வாதத்தில் இருந்த உண்மை இது; அதை மறுப்பதற்கில்லை.

வேவு வேலைக்கு என்ன ஆயிற்று? அபாச்சியும் ஷேடோவும் சேர்ந்து செய்யும் என்றார்கள். அபாச்சி பெரியது, பராமரிப்புச் செலவு அதிகம். வேவுக்கென்று பிறந்த இயந்திரம் அல்ல என்று ராணுவத்துக்கே தெரிந்ததால்தான், 2018ல் ஃபாரா என்ற பெயரில் மறுபடி ஒரு புதிய வேவு ஹெலிகாப்டர் திட்டம் தொடங்கியது. பெல், சிகோர்ஸ்கி இரண்டு நிறுவனங்களும் மாதிரி செய்தன. 2024 பிப்ரவரி 8ல், சுமார் 200 கோடி டாலர் செலவான பிறகு, அதுவும் ரத்து. அதே அறிவிப்பில் ஷேடோ ட்ரோனுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். ஆக, 2014ல் கயோவாவுக்கு மாற்றாகச் சொன்ன ஜோடியில் ஒன்று பத்தே வருஷத்தில் போய்விட்டது.

காரணமாகச் சொன்னது உக்ரைன். தோளில் வைத்து ஏவும் ஏவுகணையும் மலிவான ட்ரோனும் நிறைந்த போர்க்களத்தில், ஆள் ஏறிய வேவு ஹெலிகாப்டர் முன்வரிசைக்கு மேலே நெடுநேரம் நிற்க முடியாது. எங்கே எதிரி என்று பார்க்கச் சில நூறு டாலர் ட்ரோன் போதும். இது சரியான வாதம், ஓரளவுக்கு. ட்ரோன் படம் அனுப்பும். கீழே மாட்டிக்கொண்ட வீரனின் குரலில் இருக்கும் பதற்றத்தைக் கேட்டு, படத்தில் இல்லாத சந்துக்குள் திரும்பிப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தவர் கயோவாவின் இடது இருக்கையில் இருந்த மனிதர். அந்த முடிவை இனி யார் எடுப்பார்கள் என்பதற்கு ராணுவம் இன்னும் தெளிவான பதில் சொல்லவில்லை.

இந்தப் பின்னணியோடு 2025 செய்தியைப் படித்தால் குழப்பம் குறையும். ஆர்மி ரிசர்வுக்கு ஆளுநர்கள் கிடையாது. அதற்காகக் கடிதம் எழுத மாநிலங்களும் கிடையாது. 2014ல் நேஷனல் கார்டைக் காப்பாற்றிய அரசியல் பலம் அதற்கு இல்லாததால், ஹெலிகாப்டர்களை விட்டுக்கொடு என்றபோது தடுக்க ஆளில்லை. அங்கே இருந்த விமானிகளுக்கு முன்னால் இருக்கும் வழிகள் சில: இடம் இருந்தால் நேஷனல் கார்டுக்கு மாறலாம், முழுநேரப் படைக்குத் திரும்பலாம், பறக்காத வேறு வேலைக்குப் பயிற்சி எடுக்கலாம், அல்லது சீருடையைக் கழற்றிவிட்டுப் போகலாம். நாற்பது வயதைத் தாண்டி, பக்கத்து ஊரில் வேலையும் பள்ளி போகும் பிள்ளைகளுமாக இருப்பவருக்கு, கார்டில் இடம் கிடைக்காவிட்டால், இவற்றில் எது நடக்கும் என்று ஊகிப்பது கடினம் இல்லை.